கணவாயும் பனிப்புயலும்

காஷ்மீரப் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்கிற்குச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திற்கு மேல் 3,528 மீட்டர் உயரத்தில், ஸோஜி லா என்னும் கணவாய் இருக்கிறது. திராஸ், கார்கில், லே ஆகிய ஊர்களுக்கு உணவுப் பொருள்களும் எரிபொருளும் இதன் வழியே லாரிகளில் செல்கின்றன. 1948-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, மதராஸ் சாப்பர்கள் வெட்டிச் செப்பனிட்ட பாதையில் நம் படையின் டாங்கிகள் இக்கணவாயில் ஏறின. குளிர்காலம் வழியை அடைக்குமுன் காரியம் முடியவேண்டும் என்பது அன்றைய கவலை. பனி எப்பொழுது வரும் என்பதே இன்றும் அங்கே முதற் கேள்வி.

இதற்கு விடை தேடுவோர் கணவாயை மட்டும் நோக்கினால் போதாது; வெகுதொலைவு மேற்கே நோக்கவேண்டும். மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள், மேல்வானில் கிழக்கு நோக்கி விரையும் காற்றோட்டத்தால் உந்தப்பட்டு, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து இமயத்தை அடைகின்றன. இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்பர். குளிர்காலத்தில் மாதத்திற்கு நான்கைந்து வருவதுண்டு. செயற்கைக்கோள் படங்களில் இவற்றின் மேகத்திரளைச் சில நாள் முன்பே காணலாம். ஆகவே, இடையூறு ஒன்று வருகிறது என்று சொல்வது இன்று அரிதன்று. அது கணவாயில் என்ன செய்யும் என்று சொல்வதே அரிது.

ஏன் என்று பார்ப்போம். ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது; ஏற ஏறக் குளிர்கிறது; குளிர்ந்த காற்று ஈரத்தைப் பனியாகச் சொரிகிறது. உருக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீராகும் பனி, தரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் படியும். அடிவாரத்தில் சிறு தூறலாக இருப்பது உச்சியில் வழியை மூடும் பொழிவாகிவிடக்கூடும்.

உயரே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறைகிறது. வெப்பம் சுழியைத் தொடும் மட்டம் சில நூறு மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும், பனி மழையாகும், மழை பனியாகும். பழம்பனியின்மேல் மழை பெய்தாலோ பனிச்சரிவு அபாயம் கூடும்.

மூன்றாவது, காற்று. குறுகிய இடைவெளியில் புகும் காற்று வேகம் பெற்று, ஒரு சரிவிலுள்ள பனியை வாரி மறுசரிவில் குவிக்கிறது. அக்குவியல் நிலைகொள்ளாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகையால், வானம் தெளிந்தபின்னும் வழி ஆபத்தற்றதாகிவிடாது.

இவற்றை அளக்கக் கருவிகள் உள்ளன. நாள்தோறும் காலையும் மாலையும் ஸ்ரீநகரிலிருந்து பறக்கவிடும் பலூன் மேல்வானின் வெப்பத்தையும் ஈரத்தையும் தெரிவிக்கிறது. ராடார் மேகத்தைத் துருவுகிறது; ஆனால் மலைமுகடுகள் அதன் கதிரை மறைக்கின்றன. 2025-ல் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறையில், கம்ப்யூட்டர்கள் வானத்தை 6 கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்துக் கணக்கிடுகின்றன. கணவாயின் இடுக்கோ அச்சதுரத்தினும் குறுகியது. எனவே, கணக்கின் முடிவைச் சரிவில் நட்ட கருவிகளோடும், அங்குள்ளோரின் அனுபவத்தோடும் ஒப்பிட்டே நிபுணர் தீர்ப்புக் கூறவேண்டும்.

அத்தீர்ப்பின் பொறுப்புப் பெரிது. வராத புயலுக்காக வழியை அடைத்தால், நோயாளியின் வண்டி நிற்கும், காய்கறி அழுகும், அடுத்த எச்சரிக்கையை மக்கள் மதியார். வரும் புயலைச் சொல்லத் தவறினால், உயிர்கள் போகும். முன்பு இக்கணவாய் ஆண்டில் ஐந்தாறு மாதம் மூடிக் கிடந்தது. 2023-ல் 68 நாளில் திறக்கப்பட்டது. 2025-ல் 32 நாளிலேயே திறக்கப்பட்டது. மூடிய வழிக்கு முன்னறிவிப்பு எதற்கு? வழி திறந்திருக்கும் நாள் பெருகப் பெருக, புயலின் கைக்கு எட்டும் தூரத்தில் பயணம் செய்வோரும் பெருகுகின்றனர். யந்திரங்கள் பனியை எவ்வளவு விரைவாக அகற்றுகின்றனவோ, அவ்வளவுக்கு வானிலை நிபுணரின் சுமையும் கூடுகிறது.

ஆதலால், நாளை பனி பெய்யும் என்று உறுதி கூறுவது மட்டும் நல்ல முன்னறிவிப்பன்று. எத்துணை வாய்ப்பு உண்டு, எந்த உயரத்தில், எந்நேரம் முதல் என்று எல்லை வகுத்துச் சொல்வதே நல்லது. தன் அறிவின் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் அறிவையே, சோனமர்க்கில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் ஓட்டுநர் நம்பிப் புறப்பட முடியும்.