விழா முடிந்த வீட்டில்

காணும் பொங்கலன்று தென்காசிக் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் குற்றாலம் செல்கின்றன. அச்சோற்றை ஆக்க வைகறையில் எழுபவள் பெண். அருவியாடித் திரும்பியபின் ஈரத்துணியும் எச்சிற்பாத்திரமும் அவளுக்கே. அயர்லாந்திலோ விழாக்காலம் முடியும் சனவரி 6 'பெண்களின் கிறித்துமசு' ஆகும். அன்று ஆடவர் வீட்டுவேலையை ஏற்க, மகளிர் ஓய்வெடுப்பது மரபு. இந்தியாவின் 2024ஆம் ஆண்டுக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாள்தோறும் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். இரசிகமணி டி.கே.சி.யின் குற்றால விருந்தோம்பலைப் போற்றும் நாம், அடுக்களையில் நின்றவர்களைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? கவிஞர்களே, அருவியைப் பாடுங்கள். அதற்குமுன், அடுத்த காணும் பொங்கலன்று, பாத்திரங்களைத் துலக்கிவிட்டுப் பாடுங்கள்.