மிளகு சென்ற வழியில் ஒரு கிண்ணம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



சென்ற மார்கழியில் ஒரு நாட்காலை, நான் கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், என் தமக்கையார் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையிலே தொலைபேசி, அதிலே ஒரு படம். ஜேர்மனியில் வேலை செய்யும் அவருடைய மகன், அதாவது என் மருமகன், பனி தூவும் ஒரு நத்தார்ச் சந்தையிலே தன் தொழிலகத்தாருடன் நிற்கின்றான். எல்லோர் கையிலும் ஆவி பறக்கும் குவளை. படத்தின் கீழே, "அம்மா, இது சுடுவைன். எங்கட கறுவா, கராம்பு எல்லாம் போட்டிருக்கு" என்று எழுதியிருந்தான்.

"தம்பி, பார்த்தியே? குடிக்கப் பழகிட்டான். நீ படிப்பிக்கிறனி. நீ சொன்னாக் கேப்பான். நல்லா ஏசி ஒரு கடிதம் எழுது" என்றார் அக்கா. அவருடைய கண் கலங்கியிருந்தது. எங்கள் குடும்பத்திற் குடியினால் அழிந்தவர் ஒருவர் உண்டு. அந்த அழிவின் சுமையைத் தாங்கியவர் அக்கா. ஆகவே அவருடைய அச்சத்தை வெறும் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால், கண்டிப்பதற்கு முன்னர், கண்டிக்கப்படும் பொருள் யாதென அறிதல் ஆசிரியனுடைய கடமையல்லவா? அப்படி அறியப் புகுந்தபோது கிடைத்த செய்திகளையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அன்று வகுப்பில் நான் நடத்தவேண்டியிருந்தது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. நக்கீரனார் பாண்டியன் நன்மாறனைப் பாடியது. யவனர் நல்ல கலங்களிலே கொண்டுவந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்ட, மன்னன் மகிழ்ந்திருக்கவேண்டும் என்று புலவர் வாழ்த்துகிறார். இருபது ஆண்டுகளாக இந்தப் பாட்டைப் படிப்பித்து வருகின்றேன். யவனர் என்றால் கிரேக்கரும் உரோமரும், தேறல் என்றால் தெளிந்த மது, அவ்வளவுதான் என் விளக்கம். அன்று ஒரு மாணவன் எழுந்து, "சேர், அந்த யவனர் தங்கட ஊரில இதை எப்பிடிக் குடிச்சவை?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அக்காவின் கேள்வியும் மாணவனின் கேள்வியும் ஒன்றாகிவிட்டன.

உரோமருடைய சமையல் நூல் ஒன்று இன்றும் கிடைக்கின்றது. அப்பீசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் அந்நூல், கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டளவில் இன்றைய வடிவிலே தொகுக்கப்பட்டது என்பர். அதன் முதலாவது குறிப்பே வாசனைத் திரவியம் சேர்த்த வைன் பற்றியதாகும். 'கொண்டீட்டும் பாரடொக்சும்', அதாவது 'சுவையூட்டிய அதிசயம்' என்பது அதன் பெயர். பதினைந்து உரோம இறாத்தல் தேனைச் சிறிதளவு வைனுடன் வெண்கலப் பாத்திரத்தில் இட்டு, விறகு நெருப்பிற் காய்ச்சவேண்டும். பொங்கி வரும்போது குளிர்ந்த வைனை விட்டு அடக்கவேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. மறுநாள் நுரையை நீக்கி, இடித்த மிளகு 4 அவுன்ஸ், குங்குமப்பூ, வாசனை இலை, வறுத்த பேரீச்சங்கொட்டை முதலியவற்றைச் சேர்த்து, மிகுதி வைனையும் விட்டுக் கரித்துண்டினாற் பக்குவப்படுத்தவேண்டும். நம் அளவிற் கணக்கிட்டால், ஏறத்தாழ 11 லீற்றர் வைனுக்கு ஏறத்தாழ 5 கிலோ தேனும் 100 கிராமுக்குச் சற்று மேற்பட்ட மிளகும் ஆகின்றது.

அடுத்த குறிப்பு என்னை இன்னும் கவர்ந்தது. அது வழிப்பயணிக்கு உரியது. இடித்த மிளகைத் தேனிலே கலந்து ஒரு கலத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் வேண்டியளவு எடுத்து வைனுடன் கலந்து பருகலாம் என்கிறது. ஊரை விட்டுத் தூரம் போகின்றவனுக்குக் கையிலே கட்டிக்கொடுக்கும் பொதி போன்றது அது. இதை வாசித்தபோது, விமானநிலையத்திலே அக்கா மகனுடைய பையிற் பலவந்தமாக வைத்த மிளகாய்த்தூட் பொதி என் நினைவுக்கு வந்தது.

இத்தனை மிளகும் எங்கிருந்து போயிற்று? சேர நாட்டுக் கரையிலிருந்து. யவனருடைய மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச்சென்ற செய்தியை அகநானூற்று 149ஆம் பாட்டு முசிறியோடு சேர்த்துச் சொல்கின்றது. மறுகரையிலும் இதற்குச் சான்றுண்டு. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்ரர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்று முதலாம் நூற்றாண்டிலே பிளினி முறையிட்டார். மிளகிலே உறைப்பைத் தவிர விரும்பத்தக்கது என்ன இருக்கிறதென்றும் அவர் சலித்துக்கொண்டார். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள பெரெனிக்கே என்ற பழந்துறைமுகத்தை அகழ்ந்தோர், இந்தியச் சாடியொன்றிலே ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகைக் கண்டெடுத்தனர். வைன் இங்கே வந்தது. மிளகு அங்கே போனது. நக்கீரனாரின் பொற்கிண்ணமும் அப்பீசியஸின் வெண்கலப் பாத்திரமும் ஒரே கடல்வழியின் இரண்டு முனைகள் எனலாம்.

உரோமப் பேரரசு வீழ்ந்த பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் அது 'இப்போக்கிராஸ்' என்ற பெயரில் நிலவியது. கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கிய கூம்புவடிவத் துணி வடியினால் வடிக்கப்பட்டமையால் அப்பெயர் வந்தது. 1390ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அரசமாளிகைச் சமையற்காரர்கள் தொகுத்த நூலிலும் அதன் குறிப்பு உண்டு. கறுவா, இஞ்சி, கராம்பு, சாதிக்காய் எனப் பட்டியல் நீள்கின்றது. அக்காலத்திலே அது செல்வர் வீட்டுப் பானம். சமிபாட்டுக்கு நல்லதென்று கருதப்பட்ட மருந்துங்கூட.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். செல்வர் வீட்டுப் பானம் பின்னர் ஐரோப்பாவின் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. அதற்கான திரவியங்கள் போன வழியில் வேறு மக்கள் பெருவிலை கொடுத்தார்கள். சாதிக்காய் அந்நாளிற் பண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. 1621ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியார் அத்தீவு மக்களிற் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் துரத்தியும் அந்த வணிகத்தைத் தமதாக்கினர். நம் இலங்கையிலோ கறுவா உரித்தல் கட்டாய ஊழியமாக இருந்தது. களவாகக் கறுவா உரிப்போருக்கும் விற்போருக்கும் மரணதண்டனை என்று ஒல்லாந்தர் சட்டஞ் செய்திருந்தனர். கொழும்பிலே கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்றும் நின்று அக்காலத்தை நினைவூட்டுகின்றது. "எங்கட கறுவா" என்று மருமகன் பெருமையோடு எழுதினானே, அந்தப் பெருமைக்குள் இந்த வேதனையும் அடங்கியிருக்கின்றது.

ஆங்கில இலக்கியத்திலே இப்பானம் ஓர் அழகான இடத்தில் வருகின்றது. சாள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய நத்தார்க் கதையின் முடிவிலே, கருமியாகிய ஸ்குரூஜ் மனந்திருந்தித் தன் எழுதுவினைஞரின் சம்பளத்தை உயர்த்துகிறார். இருவரும் ஆவி பறக்கும் காரமிட்ட வைனை முன்வைத்துக்கொண்டு மேலே பேசலாம் என்று அழைக்கின்றார். ஆண்டு முழுவதும் குளிரிலே நடுங்கிய எழுதுவினைஞனுக்கு முதலாளி கொடுக்கும் முதலாவது சூடு அது.

இவ்விடத்தில் நான் சற்றுச் சிந்தித்தேன். நக்கீரனார் யவனர் மதுவைப் புகழும்போது அது குளிர்ந்து மணப்பது என்கிறார். வெயிலிலே வாழும் நமக்குக் குளிர்ச்சியே இன்பம். அருளைத் 'தண்ணளி' என்கிறோம். நல்ல செய்தி கேட்டால் 'வயிறு குளிர்ந்தது' என்கிறோம். பனியிலே வாழ்பவர்களோ அன்பையே சூடு என்கிறார்கள். ஜேர்மனியர் இப்பானத்தைக் 'குளூவைன்' என்பர். 'கனலும் வைன்' என்பது பொருள். நம் பிள்ளை அந்தக் குளிரிலே போய் நிற்கின்றான். இங்கேயுள்ள வெயிலில் நின்றுகொண்டு அவனை அளப்பது சரியா?

அன்றிரவு அவனுடன் பேசினேன். "மாமா, முதலாளி எல்லாருக்கும் வாங்கித் தந்தவர். ஒரு கிண்ணந்தான். கை விறைச்சுப்போச்சு. வேண்டாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது குரலிலே தெரிந்தது.

அக்காவுக்கோ ஒரு சிறு நம்பிக்கை. "காய்ச்சினா வெறி போயிடுமெல்லே, தம்பி?" என்று கேட்டார். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. மதுசாரம் 78 பாகையிற் கொதிப்பது. ஆனால் குளூவைனைக் கொதிக்கவிடாது இளஞ்சூட்டிலேயே வைப்பார்கள். ஐரோப்பியச் சட்டப்படி அதில் மதுசாரம் நூற்றுக்கு 7 பங்குக்குக் குறையலாகாது. சூடாகவும் இனிப்பாகவும் இருப்பதனால், குடிப்பவனுக்கு அளவு தெரியாமற் போவதும் உண்டு. இவற்றை ஒளிக்காமற் சொன்னேன். அதே சந்தைகளிற் பிள்ளைகளுக்கென்று பழரசத்தில் இதேபோன்று காய்ச்சிய பானமும் விற்கப்படுகின்றது என்றும் சொன்னேன்.

பின்னர் அந்தப் பழரச முறையை எங்கள் அடுக்களையிலேயே செய்துபார்த்தோம். செய்முறை மிக எளிது. கறுவாப்பட்டை ஒரு துண்டு, கராம்பு ஐந்தாறு, ஏலம் இரண்டு, தோடம்பழத் தோல் சிறிது, சீனி இரண்டு மேசைக்கரண்டி. இவற்றை அரைக் கோப்பைத் தண்ணீரில் முதலிற் காய்ச்சிச் சாறு இறக்கவேண்டும். பின்னர் ஒரு போத்தல் திராட்சைரசத்தை விட்டு மெல்லிய நெருப்பில் இருபது நிமிடம் வைக்கவேண்டும். ஆவி எழலாம், கொதிக்கக்கூடாது. கொதித்தாற் கராம்பின் கைப்பு மேலோங்கிவிடும். தோலின் வெள்ளைப் பகுதியும் கைக்குமாதலால் அதனை நீக்கிவிடுதல் நன்று. வடித்துத் தோடம்பழச் சாறு சிறிது பிழிந்து பருகலாம். வைனிற் செய்வோரும் இவ்வொழுங்கையே கைக்கொள்வர். திரவியத்தின் சாறு முன்னமே இறங்கிவிடுவதால் வைனை நெடுநேரம் காய்ச்சவேண்டியதில்லை என்பதே இதன் நுட்பம்.

அக்கா ஒரு வாய் குடித்தார். சற்று நேரம் பேசவில்லை. "இது எங்கட மல்லித்தண்ணியின்ர சாதிதானே" என்றார்.

அவர் சொன்னது மெய். தடிமனுக்கு நாம் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கின்றோம். அவர்கள் தங்கள் நாட்டிலே கிடைத்த திராட்சைரசத்திலே நம் பக்கத்துச் சரக்கைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள்.

மருமகனுக்குக் கடிதம் எழுதினேன், ஏசவில்லை. உன் குடும்பத்தில் மது என்ன செய்தது என்பதை மறவாதே. முதலாளி தரும் அன்பையும் அவமதியாதே. அடுத்த முறை பிள்ளைகளின் கிண்ணத்தைக் கேட்டு வாங்கு, அதிலே வெட்கமில்லை என்று எழுதினேன். செய்முறையையும் சேர்த்து எழுதி, உன் அறையிற் காய்ச்சி உன் முதலாளிக்கும் ஒரு கிண்ணம் கொடு, அதிலுள்ள கறுவாவின் கதையையும் சொல்லு என்று முடித்தேன். அக்கா பக்கத்திலிருந்து வாசித்துவிட்டு, "வேர்க்கொம்பும் ஒரு துண்டு தட்டிப் போடச் சொல்லு" என்றார். அதனையும் அடியிற் சேர்த்தேன்.

மறுநாள் அந்த மாணவனுக்கும் விடை சொன்னேன். அவன் கேளாதிருந்தால், அந்தப் பாட்டை நானும் அரைகுறையாகவே படிப்பித்து ஓய்வுபெற்றிருப்பேன்.