நிலப்படத்தில் வேங்கட மலை



பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்குத் திருப்பதி என்றதும் திருமலை யாத்திரையே நினைவுக்கு வரும். அம்மலையை இன்று பழைய நிலப்படங்களின் வாயிலாக நாம் காண்போம்.

1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளந்தார். அக்கோட்டின்மீது முக்கோணங்களை அடுக்கி, உச்சிகளை ஒன்றோடொன்று இணைத்து, நாட்டையே அளக்கும் பெரும்பணி வளர்ந்தது. முற்காலப் படங்களில் மலைகளைச் சிறு கீற்றுகளால் தீட்டினர். அவற்றில் சரிவு புலப்பட்டதேயன்றி உயரம் திட்டமாய்ப் புலப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுடைய படங்களில் சம உயரக் கோடுகள் அக்குறையை நீக்கின.

அவ்வரிசையில் திருப்பதி அமைந்த தாள் 57 ஓ/6. நகருக்கு வடக்கே அக்கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. அது செங்குத்துச் சரிவு. மேலே அவை விலகிப் பரவுகின்றன, அது மேட்டுநிலம். கருங்கல் தளத்தின்மீது குவார்ட்சைட் எனும் கடும்பாறை அடுக்குகள் அமர்ந்திருப்பதே அச்சரிவுக்குக் காரணம். 1944-இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை அடியார்கள் படியேறியும் டோலியிலும் சென்றதன் காரணத்தை அந்நெருங்கிய கோடுகளே உரைக்கும்.

மலையோடு மனிதர் வகுத்த எல்லையும் படத்தில் உண்டு. 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணியும் அம்மாவட்டத்தோடு அங்கே சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சியை ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்தினார். கிராமத்தை அலகாகக் கொண்டு படாஸ்கர் வழங்கிய பரிந்துரையின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

ஆகவே 1950-இல் அச்சான தாளையும் இன்றைய தாளையும் அருகருகே வைத்தால், சம உயரக் கோடுகள் நின்ற இடத்திலேயே நிற்க, எல்லைக்கோடுகள் மட்டும் இடம் பெயர்ந்திருத்தலைக் காணலாம். சித்தூரின் வீதிகளில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன. வேங்கடத்தை வட எல்லையாகக் குறித்த தொல்காப்பியப் பாயிரத்தைப் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, அம்மலை இருக்கும் தாளையும் விரித்துக் காட்டுவோம். தாய்மொழி வழங்கும் நிலத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, எல்லைக்கு அப்பாலும் மொழி வாழும் என்பதை அது நினைவூட்டும்.