வார்டில் கற்றதும் புத்தகத்தில் கற்றதும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



 கண்காணிப்பாளர் டாக்டர் அம்மா, "ஐயா, இந்த முறை பிரசங்கம் வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே எம்.ஏ. சைக்காலஜி படித்தீர்களே, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள்.

காலையில் தேநீர் நேரத்தில் உங்களில் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "போதகருக்கு வேதம் போதாதா? இந்த வயதில் எதற்கு உளவியல்?" கேட்கவேண்டிய கேள்விதான். அவருக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

2018-ம் ஆண்டு விஷம் அருந்திய ஒரு வாலிபனை இங்கே அட்மிட் செய்தார்கள். பிழைத்துக்கொண்டான். நான் அவன் கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்து, ஜீவன் தேவன் தந்த ஈவு என்பதையும், பெற்றோரின் கண்ணீரையும் எடுத்துச் சொன்னேன். ஜெபித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நல்ல ஊழியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். மூன்று வாரத்தில் அதே காரணத்தோடு அவன் திரும்ப வந்தான். அந்த முறையும் தேவகிருபையால் உயிர் தங்கியது. ஆனால் அவனுடைய தாயார் வராந்தாவில் என்னை நிறுத்தி, "ஐயா, நீங்க சொன்னதுக்கெல்லாம் அவன் தலையாட்டினான். அவனை யாருமே பேச விடலியே" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகத் தைத்தது.

இறையியல் கல்லூரியில் நாங்கள் எபிரெயம், கிரேக்கம், சபைச் சரித்திரம் எல்லாம் படித்தோம். ஆற்றுப்படுத்துதல் பற்றி ஒரே ஒரு பாடம்தான் இருந்தது. 57 வயதில் மறுபடி கல்லூரி வகுப்பில் போய் உட்கார முடியுமா? வார்டை யார் பார்ப்பது? அப்போது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை வழியாக எம்.ஏ. உளவியல் படிக்கலாம் என்று தெரிந்தது. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம், வயது வரம்பு இல்லை. பாடநூல் முழுவதும் இணையத்தில் கிடைத்தது. 2019 ஜூலைப் பருவத்தில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், அதற்கு மேலும் அவகாசம் இருந்தது. நான் நான்கு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

காலை நாலரை மணிக்கு எழுந்து, ஆறு மணி வரை சிற்றாலய அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் படிப்பேன். இரவில் படித்தால் நிற்காது. யாராவது மரணப்படுக்கையில் இருந்தால் நர்ஸ் போன் செய்வார்கள், போகவேண்டும். செய்முறைப் பாடத்துக்கு மட்டும் படிப்பு மையத்துக்கு நேரில் போய், உளவியல் சோதனைகளை ஆள் வைத்துச் செய்து நோட்டில் எழுதவேண்டும். அங்கே என்னை முதல் நாள் பார்த்த மாணவிகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், நான்தான் வாத்தியார் என்று நினைத்து! 2020 ஜூன் மாதத் தேர்வு கொரோனாவினால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அந்த நாட்களில் வார்டில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். புத்தகத்தைத் தொடாத வாரங்கள் பல.

புள்ளியியல் பாடத்தில் திணறிப்போனேன். திட்ட விலக்கம் என்றால் என்ன என்று பத்து முறை வாசித்தும் தலையில் ஏறவில்லை. கடைசியில் நம்முடைய லேப் டெக்னீஷியன் தம்பிதான் கைகொடுத்தார். லேபில் தினமும் காலையில், சர்க்கரை அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் ஓட்டி, வரும் முடிவை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்களாம். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் திட்ட விலக்கக் கோடுகள். புள்ளி இரண்டாவது கோட்டைத் தாண்டினால் உஷாராகிவிடுவார்கள். "அவ்வளவுதான் ஐயா, நடுவிலிருந்து எவ்வளவு சிதறுதுங்கிற கணக்கு" என்றார். இத்தனை வருஷமாக அந்த வரைபடத்தைக் கடந்துதான் சிற்றாலயத்துக்குப் போகிறேன்.

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனைச் சாப்ளின்களுக்கு வார்டிலேயே பயிற்சி கொடுக்கும் முறையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆன்டன் பாய்சன் என்ற போதகர். அவரே 1920-ல் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். குணமான பின், 1924-ல் ஊஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளினாகி, அடுத்த வருஷமே இறையியல் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துவந்தார். ஆலோசனை முறையை மாற்றியமைத்த கார்ல் ரோஜர்ஸ் நியூயார்க்கில் இரண்டு வருஷம் இறையியல் படித்துவிட்டு, சாலையைக் கடந்து எதிரே இருந்த கல்லூரியில் உளவியலுக்குப் போனவர். ஆக, இந்த இரண்டு படிப்பும் அந்நியர் அல்ல, பக்கத்து வீட்டார்.

என் பிழைகளையும் படிப்பு காட்டிக்கொடுத்தது. மரணத்தை எதிர்நோக்குகிறவர்களுக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் உண்டு என எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதினார். சிகாகோவில் நான்கு இறையியல் மாணவர்கள் போய்க் கேட்டதிலிருந்துதான் அந்த ஆராய்ச்சியே தொடங்கியது. நான் இந்த ஐந்தையும் மாடிப்படி மாதிரி வைத்து எத்தனையோ துக்க வீடுகளில் பேசியிருக்கிறேன். "நீங்கள் இப்போது கோபத்தில் இருக்கிறீர்கள், அடுத்து ஏற்புக்கு வருவீர்கள்" என்று ஒரு விதவைச் சகோதரியிடம்கூடச் சொன்னேன். எல்லோரும் அந்த வரிசையில் போவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்தச் சகோதரியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. சாகத் தோன்றுகிறதா என்று ஒருவரிடம் கேட்டால், அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்திருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைப்பீர்கள். அது சரியல்ல, நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பாடநூல் ஆங்கிலம். நம் வார்டிலே யாரும் "டிப்ரஷன்" என்று சொல்லமாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் அசதி", "சோறு இறங்கலை" என்பார்கள். 2022-ல் ஒரு தாயார் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கேட்டேன்: "அம்மா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" வெகுநேரம் அழுதார்கள். பிறகு, "இதை யாராச்சும் கேக்கமாட்டாங்களான்னு இருந்தேன் ஐயா" என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர்கள்தான் பேசினார்கள். அவர்கள் சம்மதத்தோடு அப்போதே டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். மகளைக் கூடவே இருக்கச் செய்தோம், மனநல மருத்துவர் வந்து பார்த்தார். ஜெபம் கடைசியில்தான், அதுவும் அவர்களே கேட்டபோது. எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டுமென்று படுத்திருந்தபோதும், தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் அல்லவா?

மருத்துவரிடம் ஒப்படைத்தேன் என்பதைக் கவனியுங்கள். எம்.ஏ. முடித்ததால் நான் மருத்துவ உளவியலாளன் ஆகிவிடவில்லை. அதற்கு மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும். சபையில் சிலர் என்னை "டாக்டர்" என்று அழைக்கத் தொடங்கினார்கள், தயவுசெய்து வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட பாரம் இருந்தால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

உங்களில் சிலருக்கு என்மேல் ஒரு மனக்குறையும் உண்டு. முன்பு நம்முடைய செய்தி மடலில் நோயாளிகளின் பெயர், ஊர், போட்டோவோடு சாட்சிகளை எழுதுவேன்; நீங்களும் விரும்பி வாசித்தீர்கள், காணிக்கையும் வந்தது. இப்போது எழுதுவதில்லை. நோயாளியின் இரகசியம் அவருடைய உரிமை என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. கட்டிலில் படுத்திருப்பவரிடம் "உங்கள் கதையைப் போடலாமா?" என்று கேட்டால், இலவச சிகிச்சை பெறுகிறவர் எப்படி முடியாது என்பார்? இன்று சொன்ன இரண்டு சம்பவங்களிலும் அடையாளங்களை மாற்றித்தான் சொன்னேன்.

போன மாதம் நம் மருத்துவப் பிரிவு வார்டில் வேலைபார்க்கும் ஒரு நர்ஸ் சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, நீங்க படிச்ச மாதிரி நானும் படிக்கணும்" என்றார். முடியாது என்று சொல்லவேண்டியதாயிற்று. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலை இணையவழியிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அழுகிறவர் பக்கத்தில் உட்காருவதைக் கம்ப்யூட்டர் எனக்குச் சொல்லித்தரவில்லை. வார்டு பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தேன். ஆனால் அந்தக் கதவு திறந்திராவிட்டால் நான் படித்தே இருக்கமாட்டேன் என்பதும் உண்மை.

இனி அவர் படிக்கவேண்டுமானால் நேரடி வகுப்புக்குத்தான் போகவேண்டும்: இரண்டு வருஷம், சம்பளம் இல்லாமல். வீட்டில் இரண்டு பிள்ளைகள். நைட் டியூட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பகலில் படிக்கிறேன் என்கிறார். அவரைத் தூங்காமல் இரண்டு வருஷம் நடத்த நான் சம்மதிக்கவில்லை. படிப்பு விடுப்பும் பாதிச் சம்பளமும் கொடுத்து, அவர் இடத்துக்கு வேறொரு நர்ஸை நியமிக்க முடியுமா என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.