கோடையும் குடும்பமும்

அமெரிக்க நாட்டில் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பள்ளிகளுக்கு விடுமுறை. ஆயினும் குடும்பத்தார்க்கு ஓய்வு அரிது. தேவாலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி. பின்னர் மோட்டாரில் நெடும்பயணம். மாலையிற் சிறுவர் பேஸ்பால் பந்தயம். 1939-ம் ஆண்டு பென்சில்வேனியாவிலுள்ள வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பார் 3 கோஷ்டிகளுடன் தொடங்கிய 'லிட்டில் லீக்' பின்னர்ப் பல தேசங்களிலும் பரவிற்று.

இவை யாவும் நல்லனவே. ஆனால் தந்தை ஒரு மைதானத்திலும் தாய் மற்றொன்றிலும் காத்து நிற்க, பிள்ளைகள் வண்டியிலேயே உண்டு உறங்குவராயின் அவ்விடுமுறையாற் பயன் யாது?

நம்மவரும் கோடை வகுப்பென்றும் போட்டியென்றும் அவ்வழியே விரைகின்றனர். பள்ளிப் பருவத்திற் பிள்ளைக்கு வாய்ப்பவை ஏறக்குறைய 12 கோடைகளே. ஆதலின், பெற்றோர்களே! வாரத்தில் ஒருநாளேனும் வேறு அலுவலின்றி அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பீர்களாக. கழிந்த கோடை மீளாது.