செல்போனும் கல்லூரிப் படிப்பும்



பிள்ளை பரீட்சையில் தவறினால் முன்பெல்லாம் தலைவிதி என்றும், கிரகக் கோளாறு என்றும் சொல்லி வந்தார்கள். இப்பொழுது அந்த இடத்தில் செல்போனைக் கொண்டுவந்து வைத்து, எல்லாம் இந்தச் சனியனால் வந்தது என்கிறார்கள். விதியை ஏன், எப்படி என்று கேட்காமல் நம்பியது போலவே இதையும் நம்புவதானால், பேர் மாறியதே ஒழிய புத்தி மாறியதாகுமா என்று கேட்கிறோம். ஆதலால் சமூக ஊடகம் என்பதனால் கல்லூரிப் படிப்புக்கு மெய்யாகவே கேடு உண்டா, உண்டானால் எந்த வழியில் வருகிறது, அதில் லாபம் யாருக்கு என்பவைகளை ஆராய்வோம்.

பேஸ்புக் பிறந்த இடமே ஒரு சர்வகலாசாலைதான். 2004 பிப்ரவரியில், அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவரான மார்க் ஸக்கர்பர்க் தம் கூட்டாளிகளோடு, அங்குள்ள மாணவர்களுக்கென்றே அதைத் தொடங்கினார். பிறகு மற்றக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பரவி, 2006 செப்டம்பரில்தான் 13 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆகவே இதன் முதல் வாடிக்கைக்காரர்கள் மாணவர்களே ஆவார்கள்.

2009-இல் அந்நாட்டில் கார்பின்ஸ்கி என்னும் அம்மையார் 219 மாணவர்களை விசாரித்து, பேஸ்புக் பார்க்கிறவர்களுக்கு மார்க்குக் குறைவாயிருக்கிறது என்று அறிவித்தார். உடனே பத்திரிகைகள், பேஸ்புக் படிப்பைக் கெடுக்கிறது என்று முரசடித்துவிட்டன. அதே ஆண்டில் வேறு அறிஞர்கள் வேறு கணக்குகளை எடுத்துப் பார்த்து, அப்படி ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் தள்ளிற்று என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? படிப்பில் மனமில்லாதவன் செல்போனைத் தேடிப் போகிறானா, அல்லது செல்போனைத் தேடிப் போனதால் படிப்பில் மனமில்லாமற் போயிற்றா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி அகப்பட்டது. பேஸ்புக் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே நாளில் போகவில்லையல்லவா? அது முன்னே வந்த கல்லூரியையும் பின்னே வந்த கல்லூரியையும் ஒப்பிட்டால் காரணம் இன்னதென்று விளங்கிவிடும். பிராகியேரி, லெவி, மகாரின் என்னும் மூன்று பொருளாதார அறிஞர்கள் இவ்வாறு ஒப்பிட்டு 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பேஸ்புக் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனச்சோர்வு கூடிற்று. மனக்கஷ்டத்தினால் எங்கள் படிப்புக் கெட்டது என்று சொன்னவர்களும் கூடினார்கள். மற்றவன் சிரித்து நிற்கும் படத்தைப் பார்த்துத் தன்னைத் தாழ்வாக எண்ணிக்கொள்ளுவதே இதற்கு முக்கிய காரணமாயிருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

மற்றொரு வழி, கவனச் சிதறல். ரோஸன் என்னும் மனோதத்துவ அறிஞரும் அவரது கூட்டாளிகளும், மாணவர்கள் படிப்பதை 15 நிமிஷம் கூடவே இருந்து கவனித்து, 2013-இல் எழுதினார்கள். சராசரி 6 நிமிஷம் ஆகுமுன்பே கவனம் வேறிடம் போய்விட்டது. கதிரறுப்பவன் நொடிக்கொருதரம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தால், களத்துக்கு நெல் வந்து சேருமா?

லாபம் யாருக்கு? பேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சொந்தக்காரக் கம்பெனியான மெட்டாவுக்கு 2023-இல் வந்த வருமானம் ஏறக்குறைய 13,500 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரப் பணம். நாம் காசு கொடுப்பதில்லை. நம் பிள்ளை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமே அங்கே விற்பனைச் சரக்கு. மக்களின் நேரத்தை எவ்வளவு அதிகமாய் விழுங்கலாம் என்பதே ஆரம்பத்தில் தங்கள் யோசனையாயிருந்தது என்று, அக்கம்பெனியின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர் 2017-இல் தாமே ஒப்புக்கொண்டார். ஆகவே இது விதியுமல்ல, பிள்ளையின் சோம்பல் மாத்திரமுமல்ல, வியாபாரம்.

அப்படியானால் செல்போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவதா? கூடாது. 1,839 மாணவர்களை விசாரித்து 2012-இல் எழுதிய ஜங்கோ என்பவர், பேஸ்புக்கில் அதிக நேரம் கழித்தவர்களுக்கு மார்க்குச் சற்றுக் குறைந்திருந்ததையும், இணைப்புகளைப் பகிர்ந்துகொண்டவர்களுக்குக் கூடியிருந்ததையும் கண்டார். முதன்முதல் படிக்க வந்த வீட்டுப் பிள்ளைக்கு, புத்தகசாலை இல்லாத ஊரில், பாடம் தேடிக் கொடுப்பதும் இதே கருவிதான். சில வீடுகளிலோ பெண் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு, ஆண்பிள்ளைக்கு மட்டும் விட்டுவைக்கிறார்கள். கேடு என்றால் இருவருக்கும் கேடு. அறிவு என்றால் இருவருக்கும் அறிவு. பெண்ணை அடக்குவதற்கு இது ஒரு புதுச் சாக்கா?

மாணவத் தோழர்களே! படிக்கும் வேளையில் செல்போனை வேறு அறையில் வையுங்கள். அதன் மணியை நிறுத்துங்கள். பார்ப்பதற்கென்று ஒரு நேரம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். ஒரு மாதம் செய்து பார்த்து, முன்னே படித்த பக்கமெத்தனை, பின்னே படித்த பக்கமெத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நிலத்தை அடகு வைத்துச் சம்பளம் கட்டும் தாய் தகப்பன்மார் உங்களுக்கு வாங்கிக் கொடுத்திருப்பது நேரம். அதைக் கம்பெனிக்காரனுக்கு இனாமாய்த் தூக்கிக் கொடுப்பது சுயமரியாதையாகாது.