139-வது கிருமி

(மயிலாப்பூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வாந்திபேதியைப் பற்றி நாம் பேசப் போவதாகக் கேள்விப்பட்ட ஒரு தோழர், "மயிலாப்பூரில் இப்போது காலராவா பரவியிருக்கிறது?" என்று கேட்டார். 1992-ம் வருஷம் அக்டோபர் மாதம், அதுவரை எந்த நிபுணரும் கண்டிராத ஒரு காலராக் கிருமி இதே சென்னையில்தான் முதலில் பிடிபட்டது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. அதனாலேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

வாந்திபேதி கண்டால் அம்மன் கோபமென்று கூழ் ஊற்றிக் காப்புக் கட்டினார்கள் நம் பாட்டன்மார்கள். 1884-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் அக்கிருமியைக் கல்கத்தாவின் குளத்துத் தண்ணீரிலேயே கண்டு காட்டினார். அதற்குப் பிறகு எங்கே தண்ணீரைச் சுத்தம் செய்தார்களோ அங்கேதான் அம்மனின் கோபம் தணிந்திருக்கிறது!

கிருமிகளுக்குள் இனங்கள் உண்டு. (மனிதருக்குள் ஜாதி உண்டென்பது கட்டிவிட்ட பொய், இது சோதித்தறியும் உண்மை.) ஒவ்வோர் இனக் கிருமியையும் முயலுக்கு ஊசி போட்டு, அதன் இரத்தத்திலிருந்து சீரம் எடுத்து வைப்பார்கள். சந்தேகமான கிருமியின்மேல் அதைச் சொட்டினால், இனம் பொருந்தியபோது கிருமிகள் திரிந்த பால்போலத் திரளும். 1992 வரையில் 138 இனங்களுக்குச் சீரம் இருந்தது. கொள்ளைநோயாகப் பரவுவது முதல் இனம் ஒன்றே என்றும் நம்பியிருந்தார்கள். சென்னைக் கிருமியோ 138-ல் ஒன்றுக்கும் திரளவில்லை. மதுரை, வேலூர், கல்கத்தா, வங்காளதேசம் என்று பரவிற்று. முன்னே காலரா பரவிய ஊர்களில் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. நிபுணர்கள் என்ன செய்தார்கள்? ஏட்டில் இல்லையென்று தள்ளிவிடாமல் 139 என்று ஒரு எண்ணைக் கூட்டினார்கள். நம் பஞ்சாங்கக்காரரிடம் ஒரு கிரகத்தைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள்!

இனி, அதை விரைவில் அடையாளங்காண்பது எப்படி? முயலின் சீரத்தில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருப்பதால், சில சமயம் வேறு கிருமியையும் பிடித்துவிடும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். ஊசி போட்ட சுண்டெலியின் மண்ணீரல் அணு ஒவ்வொன்றும் ஒரேவகை எதிர்ப்பொருளைச் செய்யும். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தில் சீக்கிரம் செத்துப்போகும். புற்றுநோய் அணுவோ சாகாமல் பெருகும். இரண்டையும் ஒன்றாக இணைத்து, வேண்டியதை மட்டும் பொறுக்கி வளர்த்தால், ஒரே அச்சில் வார்த்தது போன்ற எதிர்ப்பொருள் ஓயாது கிடைக்கும். இதுவே மோனோகுளோனல் ஆன்டிபாடி. பிள்ளையாரைச் சுமந்த காலமெல்லாம் ஒரு நோயையும் கண்டுபிடிக்காத எலி இங்கே எவ்வளவு உபயோகப்பட்டது பாருங்கள்! அவர்கள் இதற்குக் காப்புரிமை வாங்காமலே விட்டார்கள். 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்முறையில் 139-வது கிருமிக்கென்றே ஆன்டிபாடி செய்து, மலத்திலிருந்தே சில நிமிஷங்களில் அதைக் கண்டறியும் சோதனையை டாக்காவிலுள்ள பேதிநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1994-ல் வெளியிட்டார்கள். பின்பு, 1, 139 ஆகிய இரு இனங்களையும் காட்டும் காகிதப் பட்டையும் வந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாளாகும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால், அந்த இரண்டு நாளில் எத்தனை வீடுகள் படுத்துவிடும்! மேலும், முதல் இனத்துக்கு மாத்திரம் செய்த தடுப்பு மருந்து 139-ஐத் தடுக்காது.

ஆனால் பட்டையைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மட்டுமே பிடிக்கும். இப்போது 139 அருகிவிட்டது. நாளை வேறொன்று கிளம்பினால் பட்டை ஊமையாகவே இருக்கும். ஆகையால் வளர்த்துப் பார்க்கும் சோதனைச்சாலையும் வேண்டும்.

நோயாளியின் வீட்டார் இதற்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, உடனே கொடுக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேப்பிலை கட்டியே தீருவோம் என்பவர்கள், நோயாளி குணமாகித் திரும்பி வந்த பிறகு கட்டிக்கொள்ளட்டும்.